நேரில் பார்க்காமல் வாங்கிய சொகுசு கார்: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்தக் காரை வாங்கியவர், பணம் முழுதும் கட்டி முடிக்கும்வரை அதை ஒரு தடவைகூட நேரில் பார்க்கவில்லை. விற்றவர் போலி ஆள் கிடையாது. உரிமம் உண்டு, ஷோரூம் உண்டு, யார்டில் வரிசையாக வண்டிகள் நிற்கின்றன, போன் செய்தால் எடுக்கிறார்கள். தூரத்திலிருந்து கார் வாங்குவதைப் பற்றிப் பேச்சு வந்தாலே இல்லாத வண்டிக்கு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு காணாமல் போகிறவர்களைப் பற்றித்தான் எல்லோரும் எச்சரிக்கிறார்கள். அந்த ஆபத்தும் நிஜம்தான். ஆனால் டீலர் நிஜமாக இருந்து, வண்டியும் நிஜமாக இருந்து, காகிதங்களும் ஒழுங்காக இருந்து, அதற்குப் பிறகும் எப்படி மாட்டிக்கொள்ள முடியும் என்பதைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதுவதில்லை. அதனால்தான் இதைப் பதிவு செய்கிறேன்.

வண்டி வந்து இறங்கிய பிறகு அதைச் சோதிக்கவும், டீலருக்கு அனுப்ப வேண்டிய ஆதாரங்களைத் தொகுக்கவும் நான் உதவினேன். வாங்கியவரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஊர், பெயர், மாடல் எதுவும் இல்லை. பணக் கணக்கு வரும் இடங்களில் விகிதம் மட்டும் இருக்கும்.

பின்னணி

வாங்கியவர் நாற்பதுகளில் இருப்பவர், சொந்தத் தொழில் செய்கிறார். சாதாரண கார்களை வருஷக்கணக்கில் வைத்து ஓட்டிய அனுபவம் உண்டு, சின்னச் சின்ன வேலைகளைத் தானே செய்துகொள்வார். அவர் தேடிக்கொண்டிருந்தது ஒரு ஐரோப்பியக் கம்பெனியின் பெரிய செடான்: வி-8 இன்ஜின் (வி வடிவில் இரண்டு வரிசையாக எட்டு சிலிண்டர்), இரட்டை டர்போ, நான்கு சக்கரத்துக்கும் ஏர் சஸ்பென்ஷன், அதாவது வண்டியைத் தாங்குவது இரும்பு ஸ்பிரிங் இல்லை, காற்று அடைத்த ரப்பர் பை. எட்டு வருஷம் பழையது. டீலர் சொன்ன விலை அந்தக் கார் புதிதாக விற்ற விலையில் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே. அதே வயதுள்ள அதே மாடலை மற்றவர்கள் விற்ற விலையோடு ஒப்பிட்டாலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த மாதிரி வண்டிகளை வாங்குகிற பலருக்கும் இது பிறகுதான் உறைக்கிறது. சொகுசு காரின் விலை வருஷத்துக்கு வருஷம் வேகமாக இறங்கும், உதிரி பாகங்களின் விலை அப்படி இறங்காது. எட்டு வருஷம் கழித்து நீங்கள் நான்கில் ஒரு பங்கு கொடுத்து வாங்கினாலும் ஏர் ஸ்ட்ரட் (காற்றுப் பையோடு சக்கரத்தைத் தாங்குகிற பாகம்), டர்போ, கியர்பாக்ஸ் வேலை எல்லாம் அந்தக் கார் புதிதாக இருந்தபோது என்ன தரத்து வண்டியோ அந்தத் தரத்துச் செலவைத்தான் கேட்கும். அதோடு ரப்பர் பைகள், பிளாஸ்டிக் கூலன்ட் குழாய்கள், சீல்கள் போன்றவை ஓடிய தூரத்தால் மட்டும் கெடுவதில்லை, வயதாலும் வெப்பத்தாலும் இறுகி வெடிக்கின்றன. எட்டு வருஷம் என்பது இவையெல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கைவிட ஆரம்பிக்கிற காலம், முந்தைய உரிமையாளர்கள் இந்த வண்டிகளை விற்பதும் பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான்.

டீலர் இருந்தது ஒரு நாள் முழுக்க ஓட்டினாலும் போய்ச் சேர முடியாத தூரத்தில். போய்வர நேரம் இல்லை, வேலையை விட முடியாத மாதம். அதனால் எல்லாமே போன், படம், வீடியோ.

அனுப்பப்பட்ட படங்களும் அவற்றில் இருந்தவையும்

ஷோரூமிலிருந்து அறுபதுக்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. ஒரு வீடியோவும் வந்தது, விற்பனையாளர் வண்டியைச் சுற்றி நடந்துகொண்டே பேசுகிறார். கூடவே அவர்களுடைய சொந்த ஒர்க்‌ஷாப் போட்ட பரிசோதனைத் தாள், எல்லாக் கட்டத்திலும் டிக். சர்வீஸ் வரலாற்றின் அச்சுப் பிரதியும் இருந்தது. ஐந்தாம் வருஷம் வரை ஒழுங்காக வருகிறது, கடைசிப் பதிவில் 58,000 கி.மீ. அதற்குப் பிறகு எதுவும் இல்லை. டேஷ்போர்டு படத்தில் 62,000 கி.மீ.

இந்தப் படங்களைப் பிறகு ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தோம். அவற்றில் பொய் என்று சொல்ல எதுவும் இல்லை, ஆனால் எடுத்த விதத்தைக் கவனித்தால் நிறைய தெரிகிறது. டேஷ்போர்டு தெரிகிற ஒவ்வொரு படத்திலும் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏர் சஸ்பென்ஷன் வண்டியில் காற்று கசிந்து ஒரு மூலை இறங்கியிருந்தாலும் இன்ஜினைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில், காற்றை அடைக்கிற கம்ப்ரசர் தூக்கி நிறுத்திவிடும், படத்தில் நேராகத்தான் தெரியும். வீடியோவும் அப்படியே. இன்ஜின் ஏற்கனவே சூடாக இருக்கிறது, வெப்பம் காட்டுகிற முள் நடுவில் நிற்கிறது. குளிர்ந்த இன்ஜினை முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போதுதான் டைமிங் செயின் சத்தமும் புகைக்குழாயில் நீலப் புகையும் தங்களைக் காட்டிக்கொடுக்கும். சூடான இன்ஜினில் அவை பெரும்பாலும் ஒளிந்துகொள்ளும். இன்னொன்று, சாவியைப் போட்டவுடன், இன்ஜின் ஓடும் முன், எல்லா எச்சரிக்கை விளக்குகளும் ஒருமுறை எரிந்து அணைய வேண்டும். எரியாத விளக்கு இருந்தால் அதை யாரோ முடக்கியிருக்கலாம். அதைக் காட்டுகிற படமோ வீடியோவோ ஒன்றும் இல்லை.

டயர்கள் தெரிகிற படங்களில் இடது முன் டயர் மட்டும் வேறு கம்பெனி. டயரின் பக்கவாட்டில் இருக்கிற நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு வருஷத்தையும் சொல்லும், 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம். அந்த எண் தெரிகிற மாதிரி படம் கேட்டிருந்தால், ஒரு மூலையில் மட்டும் டயர் மாற்றப்பட்டது எப்போது என்று அப்போதே தெரிந்திருக்கும்.

சர்வீஸ் வரலாற்றின் கணக்கும் கண்ணெதிரேதான் இருந்தது. முதல் ஐந்து வருஷம் வருஷத்துக்குப் பதினோராயிரம், பன்னிரண்டாயிரம் கி.மீ என்று ஓடிய வண்டி, கடைசி மூன்று வருஷத்தில் மொத்தமாக நாலாயிரம்தான் ஓடியிருக்கிறது. இது நடக்கக்கூடியதுதான். உரிமையாளர் மாறியிருக்கலாம், வண்டி நின்றிருக்கலாம். ஆனால் அப்படி நின்ற வண்டிக்கு அதைச் சொல்கிற ஏதாவது ஒரு காகிதம் இருக்கும். வாங்கியவர் இதைக் கேட்டார். "ரெண்டாவது ஓனர் அதிகமா வெளிநாட்டுல இருந்தார் சார், வண்டி ஷெட்லதான் நின்னுச்சு" என்று விற்பனையாளர் பதில் சொன்னார். நம்பும்படியான பதில், ஆனால் வெறும் வாய்வார்த்தை.

அட்வான்ஸ்

அடுத்து வழக்கமான போன் வந்தது. இன்னொரு பார்ட்டி சாயங்காலம் வண்டியைப் பார்க்க வருகிறார், வண்டி வேண்டுமென்றால் இப்போதே பிடித்து வைக்கலாம் என்று. வாங்கியவர் விலையில் இருபதில் ஒரு பங்கை அட்வான்ஸாக அனுப்பினார். திரும்பத் தரப்படாத அட்வான்ஸ் என்று ரசீதிலேயே இருந்தது.

தொகை பெரிதில்லை. ஆனால் என் கணிப்பில் இந்த வியாபாரத்தின் போக்கையே திருப்பியது இந்த இடம்தான். அதுவரை வண்டி சரியா என்று பார்த்துக்கொண்டிருந்தவர், அதற்குப் பிறகு வாங்குவதற்கான காரணங்களைத் தேட ஆரம்பித்தார். இதை அவரே என்னிடம் சொன்னார். பரிசோதனை திருப்தியாக இல்லாவிட்டால் அட்வான்ஸ் திரும்பும் என்று ஒரு வரி எழுதி வாங்கியிருந்தால் அதே தொகை அவரைக் காப்பாற்றுகிற தொகையாக இருந்திருக்கும்.

வெளி ஆளின் பரிசோதனை

நல்ல வேளையாக வெளி ஆளை வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவர் விடாமல் கேட்டார். டீலர் மறுக்கவில்லை, நிபந்தனை போட்டார். வண்டியை யார்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது, இன்சூரன்ஸ் ஒத்துக்கொள்ளாது. வருகிறவர் யார்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், ஆனால் லிஃப்ட்டில் ஏற்ற முடியாது, அது வேலையில் இருக்கிறது. வண்டியை எந்த நேரத்தில் பார்ப்பது என்பதையும் டீலரே சொன்னார்.

பரிசோதனை செய்தவர் எல்லா வகைக் காரையும் பார்க்கிற பொது ஆள், இந்தக் கம்பெனி வண்டிகளுக்கென்று தனியாகப் பழகியவர் இல்லை. அவர் போனபோது இன்ஜின் சூடாக இருந்தது. யார்டுக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டினார். பெயிண்ட் கனம் அளக்கிற கருவி வைத்திருந்தார், அது இரும்புத் தகட்டுக்கு மட்டும் வேலை செய்கிற காந்த வகை. பெரிய சொகுசு கார்களில் பானெட்டும் முன் ஃபெண்டரும் பல மாடல்களில் அலுமினியம். அங்கே அந்தக் கருவி ஒன்றும் காட்டாது. அந்த இடங்களில் அவர் "பார்வைக்குச் சரி" என்று எழுதினார். காரின் கணினியைப் படிக்கிற சாதாரண ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார், ஃபால்ட் கோட் (கணினி குறித்து வைக்கிற கோளாறு எண்) எதுவும் இல்லை.

அவருடைய அறிக்கையில் முதல் பக்கம் முழுக்கப் பச்சை நிறம். சிறு கீறல்கள், ரிம்மில் ஒரு உரசல், அவ்வளவுதான். கடைசிப் பக்கத்தில் ஸ்கேனர் விவரங்களுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: சுய சோதனைகள் முழுமை அடையவில்லை.

இந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பழைய கார் வாங்குகிற யாருக்கும் இதைவிடப் பயனுள்ள தகவல் அதிகம் கிடையாது. இன்றைய கார்களின் இன்ஜின் கணினி, கேடலிடிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தம் செய்கிற பாகம்), ஆக்ஸிஜன் சென்சார், எரிபொருள் ஆவி அமைப்பு போன்றவற்றை ஓட்டத்தின்போது தானே சோதித்துக்கொண்டே இருக்கும். யாராவது ஃபால்ட் கோட்களை அழித்தால் அந்தச் சோதனைகளின் முடிவுகளும் கூடவே அழிந்துவிடும். மறுபடி முழுமையாக முடிய, குளிர்ந்த ஸ்டார்ட், நிலையான வேகத்தில் ஓட்டம் என்று பல விதமாக ஓட்ட வேண்டும், சில நாள்கூட ஆகும். ஆக, கோட் எதுவும் இல்லை, ஆனால் சோதனைகளும் முடியவில்லை என்றால், கணினியின் நினைவு அண்மையில் துடைக்கப்பட்டிருக்கிறது. பேட்டரி கழற்றினாலும் பல வண்டிகளில் இப்படி ஆகும், அதனால் இது மோசடிக்கு நிரூபணம் கிடையாது. ஆனால் கோட் இல்லை என்கிற முடிவுக்கு அந்த நேரத்தில் எந்த மதிப்பும் கிடையாது. அதோடு, கோட் அழித்த பிறகு எத்தனை கி.மீ ஓடியிருக்கிறது என்ற எண்ணையும் பெரும்பாலான கார்களில் சாதாரண ஸ்கேனரே காட்டும். பரிசோதித்தவர் அதை எடுக்கவில்லை, எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

வாங்கியவர் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு வாங்க முடிவு செய்தார். காரணங்கள் மூன்று என்று அவர் சொன்னார்: அறிக்கை நன்றாக இருந்தது, அட்வான்ஸ் போய்விட்டது, இந்த விலைக்கு வேறு வண்டி இல்லை.

பணமும் பயணமும்

ஒப்பந்தம் இரண்டு பக்கம். வண்டி இருக்கும் நிலையிலேயே விற்கப்படுகிறது, டெலிவரிக்குப் பிறகு டீலருக்குப் பொறுப்பில்லை என்ற வழக்கமான வாசகம். ஆனால் பில்லில் மீட்டர் அளவு தனியாக எழுதப்பட்டிருந்தது, 62,000 கி.மீ, கையெழுத்தோடு. இந்த ஒரு வரி பின்னால் பெரிய வேலை செய்தது.

முழுத் தொகையும் வங்கி மாற்றத்தில் போனது, வண்டி யார்டை விட்டுக் கிளம்பும் முன்பே. வங்கி மாற்றம் போனால் போனதுதான், கார்டில் கட்டிய பணம் போல வங்கியிடம் முறையிட்டுத் திரும்பப் பெறுகிற வழி அதில் அநேகமாக இல்லை. கூடவே ஒரு நீட்டிப்பு வாரண்டியும் விற்றார்கள். அதன் விதிகளில், வாங்கும் முன்பே இருந்த கோளாறுகளுக்கும் ஏர் ஸ்பிரிங்குகளுக்கும் இழப்பீடு கிடையாது, தொடக்கத்தில் காத்திருப்புக் காலமும் உண்டு. பழைய கார் வாரண்டிகளில் இந்த விலக்குகள் பரவலாக இருப்பவைதான்.

தொலைவிலிருந்து வாங்குகிறவருக்கான சட்டப் பாதுகாப்பு இடத்துக்கு இடம் ரொம்பவே மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில், வியாபாரியிடம் முழுக்க முழுக்கத் தொலைவிலிருந்தே செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பொருள் கைக்கு வந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ளலாம், 2011-ஆம் வருஷ நுகர்வோர் உரிமை நெறிமுறை அப்படிச் சொல்கிறது. அமெரிக்காவில் கார் வாங்கினால் மூன்று நாளில் திருப்பலாம் என்று பலர் நம்புகிறார்கள், டீலரிடம் வாங்கிய காருக்கு அப்படிப் பொதுவான மத்தியச் சட்டம் எதுவும் இல்லை. இந்த நிகழ்வில் வாங்கியவருக்கு அந்த மாதிரி விலகும் உரிமை இருக்கவில்லை.

ட்ரக்கை டீலர் ஏற்பாடு செய்யவில்லை. வாங்கியவரே ஒரு போக்குவரத்துக் கம்பெனியைப் பிடித்தார், கட்டணம் கொஞ்சம் குறைவு என்பதற்காக.

வண்டி வந்த வாரம்

வண்டியை இறக்கும்போதே ட்ரக் டிரைவர் சொன்னார்: "முன்னாடி இந்தப் பக்கம் உக்காந்துதான் இருந்துச்சு சார், ஏத்தும்போதே. நான் எழுதி வச்சிருக்கேன்." ஏற்றும்போது வண்டியின் நிலையைக் குறிக்கிற தாளை நீட்டினார். வண்டியின் கோட்டுப் படத்தில் இடது முன் சக்கரத்தைச் சுற்றி வட்டம் போட்டு "தாழ்வு" என்று எழுதியிருந்தது. நேரமும் தேதியும் இருந்தன. டீலர் தரப்பு ஆளின் கையெழுத்தும் இருந்தது.

டிரைவர் இதை எழுதியதற்குக் காரணம் எளிது, வழியில் தான் கெடுத்ததாக யாரும் சொல்லிவிடக் கூடாது. ஆனால் இந்த வியாபாரம் முழுவதிலும், விற்கிறவர் தேர்ந்தெடுக்காமல், விற்கிறவருக்கு வசதியான நேரத்தில் எடுக்கப்படாமல் கிடைத்த ஒரே ஆதாரம் அந்தத் தாள்தான். வாங்கியவர் அதன் நகலை வைத்துக்கொண்டு, வண்டியின் நான்கு மூலைகளையும் டிரைவர் முன்னாலேயே படம் எடுத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். அந்த நேரத்துப் பரபரப்பில் அதைச் செய்யத் தோன்றியது பெரிய விஷயம்.

மறுநாள் காலையில் இடது முன் மூலை சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தது. ஸ்டார்ட் செய்தால் கம்ப்ரசர் நீண்ட நேரம் ஓடித் தூக்கியது. சோப்புத் தண்ணீர் தெளித்ததும் ரப்பர் பையின் மடிப்பில் குமிழ் வந்தது. பை கசிந்தால் கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடி அதுவும் சீக்கிரம் போய்விடும், ஒரு பாகத்தின் செலவு இரண்டாகும்.

சில நாள் ஓட்டத்துக்குள் இன்ஜின் விளக்கு எரிந்தது. கோட் பி-0430, இரண்டாவது பேங்கில் (வி-யின் ஒரு பக்க சிலிண்டர் வரிசை) கேடலிடிக் கன்வெர்ட்டரின் செயல்திறன் குறைவு. அதாவது துடைக்கப்பட்டிருந்த சோதனை முடிந்தவுடன் கணினி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது. கன்வெர்ட்டர் ஏன் போனது என்று தேடும்போது, நீண்ட நேரம் ஐடிலில் விட்டு ஆக்ஸிலரேட்டரைத் தொட்டால் நீலப் புகை வந்தது. டர்போக்கள் இரண்டும் வி வடிவ இன்ஜினின் நடுப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிற அமைப்பு இது, அங்கே சேருகிற வெப்பம், சிலிண்டருக்குள் எண்ணெய் இறங்காமல் தடுக்கிற வால்வ் ஸ்டெம் சீல்களை இறுக வைத்துவிடும். சீல் இறுகினால் எண்ணெய் எரியும், எரிந்த எண்ணெய் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். சீல் என்பது சின்ன ரப்பர் வளையம்தான், ஆனால் அதைத் தொடுவதற்கு ஆகிற கூலி இந்த வகை இன்ஜின்களில் மிகப் பெரிது.

இதுவரை வந்ததெல்லாம் ரிப்பேர் செய்யக்கூடியவை. அடுத்தது அப்படி இல்லை. அந்தக் கம்பெனி வண்டிகளுக்கென்றே இருக்கிற ஸ்கேனரை வைத்திருக்கிற ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனோம். இந்த மாதிரி கார்களில் ஓடிய தூரம் டேஷ்போர்டில் மட்டும் இருப்பதில்லை, வேறு சில கணினிகளும் தனித்தனியாகக் குறித்து வைக்கும். கியர்பாக்ஸ் கணினி 91,000 கி.மீ என்று காட்டியது. வேறொரு வண்டியின் கியர்பாக்ஸைப் போட்டிருக்கலாமே என்ற சந்தேகம் வந்தது, அதன் எண்ணைச் சரிபார்த்தோம், வண்டியோடு பிறந்த கியர்பாக்ஸ்தான். டேஷ்போர்டின் மீட்டர் பெட்டிதான் பிறகு மாற்றப்பட்டது. பெயிண்டை அலுமினியத்துக்கும் வேலை செய்கிற கருவியால் அளந்தபோது, கம்பெனி பெயிண்ட் வழக்கமாக இருக்கிற 100 முதல் 180 மைக்ரான் அளவுக்குள் பெரும்பாலான பாகங்கள் இருந்தன, இடது முன் ஃபெண்டரில் மட்டும் 900-ஐத் தாண்டியது. பட்டி வைத்து டிங்கரிங் செய்த இடம். இடது ஹெட்லைட்டின் தயாரிப்புத் தேதி வலது பக்கத்தைவிடப் பிந்தியது. இடது முன் பக்கம் எங்கோ நன்றாக மோதியிருக்கிறது. வேறு கம்பெனி டயர் அந்த மூலையில் ஏன் இருந்தது என்பதும் புரிந்தது.

எடுத்த முடிவு

வாங்கியவருக்கு முதலில் வந்த கோபத்தில் விற்பனையாளரைப் போனில் கூப்பிட்டுக் கத்தலாம் போலிருந்தது. அதைத் தள்ளி வைத்தார். ஷோரூம் உரிமையாளரின் பெயருக்கு ஒரு கடிதம் தயார் செய்தோம், வக்கீலின் கையெழுத்தோடு. திட்டு எதுவும் இல்லை. ஏற்றும் தாள், பரிசோதனை அறிக்கையின் கடைசிப் பக்கம், பின்னால் வந்த கோட், கணினிகளின் கி.மீ அளவுகள், பெயிண்ட் அளவுகள், தேதி வரிசையில்.

வக்கீல் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு விஷயத்தை. சஸ்பென்ஷன், சீல், கன்வெர்ட்டர் எல்லாம் இருக்கும் நிலையில் விற்றோம் என்ற வாசகத்துக்குள் அடங்கிவிடும் என்று டீலர் வாதாடலாம். ஆனால் பில்லில் எழுதிக் கையெழுத்திட்ட 62,000 என்பது வண்டியின் நிலை பற்றிய கருத்து கிடையாது, அது ஒரு தகவல், அந்தத் தகவல் தவறு. தவறான தகவலைச் சொல்லி விற்றதை அந்த வாசகம் பொதுவாகக் காப்பாற்றாது.

டீலரின் முதல் பதில் மறுப்புதான். இரண்டாவது பதிலில் ஏலத் தாளை அனுப்பினார், தான் ஏலத்தில் எடுத்தபோதே மீட்டரில் அந்த அளவுதான் இருந்தது என்று. அது உண்மையாகத்தான் இருந்தது. மீட்டர் பெட்டியை மாற்றியது அவர் இல்லை என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் 58,000-இலிருந்து 62,000 என்ற கணக்கை வருஷம் முழுக்க வண்டி வாங்கி விற்கிற ஒருவர் கவனிக்கவில்லை என்பதை ஏற்பது கஷ்டம். கோட்களைத் துடைத்தது யார் என்பது கடைசிவரை தெளிவாகவில்லை. பேட்டரி மாற்றினோம் என்றார்கள்.

பிறகு டீலர் இரண்டு வழிகளை முன்வைத்தார். ஒன்று, சஸ்பென்ஷன் செலவு முழுவதும், இன்ஜின் செலவில் பாதியும் அவர் தருவது, வண்டி வாங்கியவரிடமே இருப்பது. இன்னொன்று, வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு விலையைத் திருப்பித் தருவது, ட்ரக் செலவு வாங்கியவருடையது. முதல் வழி மேலுக்கு நல்லதாகத் தெரிந்தது, வாங்கியவருக்கு அந்த வண்டி ரொம்பப் பிடித்துமிருந்தது. ஆனால் இன்ஜின் வேலையைத் திறந்து பார்க்காமல் பாதிச் செலவு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. மீட்டர் விஷயம் அதைவிடப் பெரிய தடை. நாளைக்கு இதை விற்கும்போது வாங்க வருகிறவரிடம் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும், சொன்னால் விலை சரியும், சொல்லாமல் விற்க அவருக்கு மனம் இல்லை. திருப்பிக் கொடுக்க முடிவு செய்தார்.

நடந்தது

இந்தத் தடவை பணமும் வண்டியும் மாறுகிற வரிசையை வக்கீல் பார்த்துக்கொண்டார். டீலர் தொகையை வக்கீலின் பொறுப்புக் கணக்கில் போட்டார், போட்டது உறுதியான பிறகுதான் வண்டி ட்ரக்கில் ஏறியது, யார்டில் இறங்கி அவர்கள் ஆள் கையெழுத்திட்டதும் பணம் விடுவிக்கப்பட்டது. வாங்கும்போதும் இப்படிச் செய்திருக்க முடியும், கேட்டுப் பார்க்கவே இல்லை.

இரண்டு பக்க ட்ரக் செலவு, பரிசோதனைகள், வக்கீல் கட்டணம், பதிவுச் செலவு எல்லாம் சேர்த்து வண்டி விலையில் பத்தில் ஒரு பங்கு அளவு அவருக்குப் போனது. வாரண்டித் தொகையில் ஒரு பகுதி திரும்பியது. சில வாரங்கள் தூக்கம் கெட்டது தனிக்கணக்கு. இதே நிலையில் மாட்டிக்கொண்டவர்களில் பலருக்கு இந்த அளவுகூடத் திரும்புவதில்லை. இவருக்குத் திரும்பியதற்குக் காரணம் பில்லில் எழுதியிருந்த ஒரு எண்ணும், ஒரு ட்ரக் டிரைவர் தன் பாதுகாப்புக்காகப் போட்ட வட்டமும்.

மாற வேண்டியவை

போய்ப் பார்க்க முடிந்தால் போய்ப் பார்ப்பதுதான் நல்லது, அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. இந்த வகைக் காரில் ஒரு பயணச் செலவு என்பது ஒரு ஏர் ஸ்ட்ரட்டின் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது. முடியாது என்கிற நிலையில், எந்த ஆதாரத்தை யார் எடுத்தது, எப்போது எடுத்தது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். படம் எத்தனை வந்தாலும் எல்லாமே விற்கிறவர் தேர்ந்தெடுத்ததாக இருந்தால் அதற்கு ஒரு எல்லை உண்டு. "வண்டியில ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்ற கேள்விக்கு எல்லா டீலரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். அதைக் கேட்பதில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கேட்க வேண்டியவை வேறு. ராத்திரி முழுக்க நின்ற வண்டியை, யாரும் தொடும் முன் காலையில் நான்கு பக்கமும் எடுத்த படம், சக்கர வளைவில் அளவுகோல் வைத்து. இன்ஜின் குளிர்ந்திருப்பது முள்ளில் தெரிகிற மாதிரி, வெட்டாமல் எடுத்த ஸ்டார்ட் வீடியோ, சாவி போட்டவுடன் விளக்குகள் எரிந்து அணைவதும் புகைக்குழாயும் அதில் வர வேண்டும். நான்கு டயரின் தேதி எண்கள். சேஸ் நம்பர் முன் கண்ணாடியின் அடியிலும் கதவுத் தூணிலும் தெளிவாக, பதினேழு எழுத்தும் காகிதத்தோடு ஒத்துப்போக வேண்டும். அந்த நம்பரை வைத்து கம்பெனி சர்வீஸ் பதிவுகளையும் கடன் பாக்கி இருக்கிறதா என்பதையும் வாங்குகிறவர் தானே விசாரிக்க வேண்டும், டீலர் கொடுத்த அச்சுப் பிரதியை நம்பி இருக்கக் கூடாது. இதற்கெல்லாம் சலித்துக்கொள்கிற டீலர்கள் உண்டு. பொறுமையாக எடுத்து அனுப்புகிறவர்களும் உண்டு, அவர்களிடம் விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் கொடுக்கலாம் என்பேன்.

பரிசோதிக்கிறவர் அந்தக் கம்பெனி வண்டிகளில் வேலை செய்து பழகியவராக இருக்க வேண்டும், லிஃப்ட் வேண்டும், எல்லாக் கணினிகளையும் படிக்கிற ஸ்கேனர் வேண்டும். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: சுய சோதனைகள் முடிந்திருக்கின்றனவா, கோட் அழித்த பிறகு எத்தனை கி.மீ, ஒவ்வொரு கணினியிலும் ஓடிய தூரம் எவ்வளவு, இவை தனியாக எழுதி வர வேண்டும். சோதனைகள் முடியாமல் இருந்தால் வண்டியைச் சில நாள் ஓட்டி முடித்துக் காட்டச் சொல்ல வேண்டும். லிஃப்ட்டுக்கு மறுப்பு, வெளியே எடுக்க மறுப்பு, நேரத்தையும் அவர்களே குறிப்பது என மூன்றும் சேர்ந்து வந்தால் அந்தப் பரிசோதனைக்குக் காசு செலவழிக்காமல் அடுத்த வண்டியைப் பார்ப்பது நல்லது.

அட்வான்ஸ் கொடுத்தால் கார்டில், திரும்பும் என்ற நிபந்தனையோடு. பில்லில் மீட்டர் அளவு, விபத்து இல்லை என்ற வாக்கு, சஸ்பென்ஷன் நிலை போன்ற போனில் சொன்ன எல்லாமே எழுத்தில் வர வேண்டும். எழுத மறுத்தால் சொன்னதற்கு மதிப்பில்லை. ட்ரக்கை வாங்குகிறவரே பிடிக்க வேண்டும், டீலரின் ஆளாக இருக்கக் கூடாது. ஏற்றும்போது நிலைத் தாளை முழுசாக எழுதச் சொல்லி டிரைவரிடம் முதலிலேயே பேசிவிட வேண்டும். மீதிப் பணம் வக்கீலிடமோ, இரு தரப்பும் தாங்களே விசாரித்து ஒத்துக்கொண்ட நடுநிலைக் கணக்கிலோ இருக்கட்டும். டீலர் அனுப்புகிற இணைப்பில் வருகிற நடுநிலைக் கணக்கு வேண்டாம், அதிலும் போலிகள் உண்டு. வண்டி ஏறி, அந்தத் தாளின் படம் கைக்கு வந்து, அதைப் படித்துப் பார்த்த பிறகு பணத்தை விடச் சொல்லலாம்.